கட்டையில்லாத சுத்தியல்

அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஆறு பேர் என்று ஒரு பத்திரிகை எழுதியது, தப்பு. நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் ஆணையத்தின் தலைவி நெஸ்டா புரோதெரோ. அவருக்கு வலப்பக்கம், தேர்வுக் குழுவில் நீதித்துறையின் சார்பில் அமர்ந்திருந்த சர் கிரிஃபித் மான்செல். இடப்பக்கம், பித்தளை மணியும் கையுமாக ஆணையத்தின் எழுத்தர் இட்ரிஸ் பெடோ. எதிரே உயரமான மேசைக்குப் பின்னால், அன்றைய ஆறாவது விண்ணப்பதாரியான வழக்கறிஞர் ஹோதன் துவாலே. ஐந்தாவது ஆள் டெவி ரோஸர், நடிகர்.

டெவி இப்போது தரையில் கிடந்தார். யாரும் பார்க்க வேண்டாம் என்று ஒரு போலீஸ்காரர் தன் மழைக்கோட்டைக் கழற்றி அவர் தலைமேல் போர்த்தியிருந்தார். கோட்டின் ஓரத்திலிருந்து ரத்தம் கம்பளத்தில் மெதுவாக ஊறிக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் எமிர் பிரிச்சர்ட் அந்த அறையை ஒரு சுற்றுச் சுற்றினார். கவிழ்ந்த மேசை, நசுங்கிய பிஸ்கட்டுகள், கம்பளத்தில் உடைந்து கிடந்த இரண்டு தேநீர்க் கோப்பைகள், ஜன்னல் விளிம்பில் எலுமிச்சைத் துண்டோடு ஆறிப்போயிருந்த மூன்றாவது கோப்பை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் தலைவியின் முன்னால் வந்து நின்றார்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க மேடம்."

நெஸ்டா சொன்னார். நிமிர்ந்து உட்கார்ந்தே சொன்னார். முப்பது வருடம் தீயணைப்புப் படையில் இருந்து, அதன் தலைமைவரை உயர்ந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் மீட்புப் படைக்காரர். பிறரைத் தேடி உள்ளே போய்த் திரும்பாதவர். நெருப்புக்கு முதுகு காட்டியவன் என்று ஒரு புரோதெரோவை யாரும் சொன்னதில்லை.

விஷயம் இதுதான். ஸ்வான்ஸீயில் ஒரு நீதிபதி நாற்காலி காலி. அதற்கு வந்த ஒவ்வொருவரும் கார்டிஃபில் இந்தப் பொய் நீதிமன்றத்தில் நீதிபதியாக உட்கார்ந்து காட்ட வேண்டும். வழக்கில் பிள்ளைகளைப் பறிகொடுத்த கோபக்காரத் தகப்பனாக டெவி வந்து கத்துவார். அதே வசனம், அதே குரல். மேசையை ஒரு தடவை தட்டுவார், தரையில் ஒட்டிய வெள்ளை நாடாவுக்கு முன்னால் நின்றுவிடுவார். ஒருவரிடம் கடுமையாகவும் இன்னொருவரிடம் மென்மையாகவும் நடந்துகொண்டால் அது நியாயமான தேர்வாகாது. அது நெஸ்டா போட்ட விதி.

இன்னொரு விதியும் அவர் போட்டதுதான். மணி அடிக்கிறவரை குழுவில் யாரும் வாய் திறக்கக்கூடாது, எழுந்திருக்கக்கூடாது, முகத்தைக்கூட மாற்றக்கூடாது.

"ஆறாவது தடவை அவர் நாடாவைத் தாண்டினார்," என்றார் நெஸ்டா. "எங்க மேசையை எட்டி உதைச்சுட்டு அந்தப் பொண்ணு மேல பாஞ்சார். கழுத்தைப் பிடிச்சார். நாங்க..."

"நீங்க?"

"மார்க் போட்டுக்கிட்டு இருந்தோம்."

இன்ஸ்பெக்டரின் உதவியாளரான சார்ஜெண்ட் மாலி கோஃப் எதையும் எழுதவில்லை. பேனாவை மூடிவிட்டாள்.

"புதுசா ஏதோ சேர்த்திருக்காங்கன்னு நெனச்சேன்," என்றார் நெஸ்டா. "அந்தப் பொண்ணு முகம் நீலம் பாஞ்சது. அப்பக்கூட, நல்லா தாக்குப்பிடிக்கிறாளேன்னு நெனச்சேன். அப்புறம் அவ மேசையில கை போட்டுத் துழாவினா. கையில கிடைச்சதை எடுத்து அடிச்சா. முதல் அடியில அவர் விடலை. ரெண்டாவது அடியில எலும்பு உடையற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அப்பதான் எழுந்தேன்."

அவள் கையில் கிடைத்தது இப்போது ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இருந்தது. நீதிபதிகள் மேசையில் தட்டும் மரச் சுத்தியல். தலைப்பகுதியில் முடி ஒட்டியிருந்தது.

சர் கிரிஃபித் மான்செல் தொண்டையைச் செருமினார். வெள்ளை முடி, படகு வலித்த காலத்துத் தோள்கள், கசங்காத சாம்பல் நிறக் கால்சட்டை.

"ஒரு அடியோட நிறுத்தியிருந்தா தற்காப்பு, இன்ஸ்பெக்டர். இவ நிறுத்தலை. நீதிபதி நாற்காலியில உக்காந்துக்கிட்டு ஒரு மனுஷனோட மண்டையை உடைச்சிருக்கா. நான் தீர்ப்புச் சொல்றதா இருந்தா கொலைன்னுதான் சொல்வேன்."

"நல்லவேளை, நீங்க இன்னைக்கு சாட்சி மட்டும்தான் சார்," என்றாள் மாலி.

ஹோதனை ஆம்புலன்ஸில் ஏற்றும்போது நெஸ்டா கூடவே வாசல்வரை போனார். கழுத்தில் பத்து விரலும் பதிந்திருந்தன. சட்டையில் இன்னொருவருடைய ரத்தம். காவலுக்கு இரண்டு போலீஸ்காரர்கள். குரலே வராத தொண்டையால் அவள் கேட்டாள்:

"மேடம், அது தேர்வுதானா? நான் எந்த இடத்துல நிறுத்தியிருக்கணும்?"

ஆம்புலன்ஸின் கதவு மூடியது. கொலைக் குற்றச்சாட்டு வந்தால் அவளுக்கு நாற்காலியும் இல்லை, தொழிலும் இல்லை, வெளிக்காற்றும் இல்லை. அதற்குக் காரணம் நெஸ்டாவின் சொந்த விதி.

அவர் திரும்பி வந்தபோது மாலி பிளாஸ்டிக் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"சார், நம்ம நாட்டுல எந்த நீதிபதியாவது சுத்தியல் அடிச்சு நீங்க பாத்திருக்கீங்களா?"

"இல்ல. அது அமெரிக்காக்காரங்க பழக்கம்."

"எங்க அத்தை ஜூரியா போயிட்டு வந்து ஒரு வாரம் சாப்பிடலை. 'ஒரு டொக்குகூட இல்லடி, ஏமாத்திட்டாங்க'ன்னு ஒரே புலம்பல். அப்போ நிஜ நீதிமன்றத்துலயே இல்லாத சாமான் பொய் நீதிமன்றத்துல எப்படி வந்துச்சு?"

எமிர் எழுத்தரின் பக்கம் திரும்பினார். "இட்ரிஸ், இந்த மேசையைத் தயார் பண்றது நீங்கதானே?"

இட்ரிஸ் பெடோ எழுந்து நின்றார். யார் கேட்டாலும் எழுந்து நிற்கிற மனிதர். "ஆமாங்க. தண்ணி டம்ளர், பேனா, காகிதம். அவ்வளவுதான் வெச்சேன். அஞ்சாவது ஆள் போனதும் டீ குடிக்க எல்லாரும் வெளியில போனோம். மிச்ச டீயைக் கோப்பையோட உள்ள எடுத்துட்டு வந்தோம். திரும்பி வந்ததும் நான் அந்த மேசையைக் கவனிக்கலைங்க."

"ஆறாவதா வரப்போறது யாருன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டும்தான். மத்தவங்களுக்கு நம்பர்தான் தெரியும்."

"டெவிக்கு?"

"தெரியாதுங்க." அவர் கையிலிருந்த மணியின் நாக்கு தானாக ஆடிச் சிணுங்கியது. அவர் அதை உள்ளங்கையால் அமுக்கினார். மான்செல் கோட்டை மாட்டிக்கொண்டு, விடைபெற்று, வீட்டுக்குக் கிளம்பினார்.

"நானும் உங்ககூட வரேன்," என்றார் நெஸ்டா.

"இது போலீஸ் வேலை மேடம்."

"அந்த அறையில நான் உக்காந்தே இருந்தேன் இன்ஸ்பெக்டர். இனிமே உக்காரப்போறதில்லை."

டெவி ரோஸர் குடியிருந்தது ஸ்பிளாட்டில், இரும்பாலைப் பக்கத்து வரிசை வீடொன்றின் மாடி அறையில். மழை கூரையைத் துளைப்பதுபோலப் பெய்துகொண்டிருந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து மாலி ஒரு தகரப் பெட்டியை இழுத்தாள். உள்ளே நடிகனின் ஆஸ்தி முழுக்க இருந்தது: மூன்று கிரீடம், ஒரு பொய்த்தாடி, ஐந்து கத்தி. மாலி ஒரு கத்தியை எடுத்து எமிரின் விலாவில் சொருகினாள். கத்தி வாழைத்தண்டு மாதிரி வளைந்தது.

"எல்லாம் ரப்பர் சார். இந்த மனுஷனால ஒரு கொசுவைக்கூடக் கொல்லமுடியாது."

"சுவத்தைப் பாரு."

சுவரில் குழந்தைகள் கிறுக்கிய படங்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. இரண்டு பிள்ளைகள், ஒரு நாய், ஒரு வீடு. அவற்றுக்கு நடுவில் பத்திரிகையிலிருந்து வெட்டிய ஹோதன் துவாலேயின் புகைப்படம். இரண்டு கண்களையும் சிகரெட்டால் சுட்டுத் துளை போட்டிருந்தது. படத்துக்குக் கீழே சுவரில் முஷ்டி பதிந்த குழிகள், காய்ந்த ரத்தத்தோடு.

நெஸ்டாவுக்குப் புரிந்தது. அந்தத் தகப்பன் வேஷம் வேஷமே இல்லை.

"விவாகரத்து," என்றாள் மாலி, யாருக்கோ போன் பேசி முடித்துவிட்டு. "பிள்ளைங்களை அம்மாகிட்ட குடுத்துட்டாங்க. அம்மா பக்கம் வாதாடினது ஹோதன். இவர் அவங்களைக் கொல்லத்தான் பாஞ்சிருக்கார். சுத்தியலை அவர் எடுக்கறதுக்குள்ள அவங்க எடுத்துட்டாங்க."

"அப்போ அந்தப் பொண்ணு தப்பிச்சா," என்றார் நெஸ்டா.

"தப்பிக்கலை மேடம். பழைய பகைன்னு ரெண்டு பக்கமும் சொல்லலாம். அவதான் சுத்தியலைக் கொண்டுவந்து காத்திருந்தான்னு ஒரு வக்கீல் எழுந்து சொன்னா?" எமிர் பெட்டியை மூடினார். "சுத்தியல் யாரோடது? அது தெரியணும். டெவியோடது இல்ல. வாசல்ல காவல்காரன் நடிகரோட பையையும் விண்ணப்பதாரியோட பையையும் கொட்டிக் கவிழ்த்துப் பாக்கறான். ரெண்டு பேரும் அதை உள்ள கொண்டு வந்திருக்க முடியாது."

"இன்னொண்ணும் இருக்கு சார்," என்றாள் மாலி. "அந்தச் சுத்தியல் நிஜ வால்நட் மரம். ஒரு ராத்தல் கனம். இந்த மாதிரி சுத்தியல் தனியா வராது. அது தட்டறதுக்கு அடியில ஒரு வட்டக் கட்டை கூடவே வரும். உப்புக்கு மிளகு மாதிரி. சுத்தியல் நம்மகிட்ட இருக்கு. கட்டை எங்க?"

"எங்கேயோ ஒரு வீட்டுல, தனியா."

"பாவம், விதவைக் கட்டை."

எமிர் சிரிக்கவில்லை. "இட்ரிஸ் வீட்டைத் தேடச் சொல்லு. ஆளையும் ஸ்டேஷன்ல உக்கார வை. வரிசை தெரிஞ்ச ஒரே ஆள் அவர்தான்."

"இட்ரிஸா?" என்றார் நெஸ்டா. "பதினோரு வருஷமா எங்ககூட இருக்கார். ஒரு பேரை வெளியில விட்டதில்லை."

"வாங்க. நீதியரசர் மான்செலோட வாக்குமூலத்தையும் வாங்கிட்டா இன்னைக்கு வேலை முடிஞ்சது."

லாண்டாஃபில் தேவாலயத்துப் புல்வெளியைப் பார்த்தபடி நிற்கிறது மான்செல் வீடு. உள்ளே நுழைந்ததும் மூன்று தலைமுறை நீதிபதிகள் எண்ணெய் ஓவியங்களில் சிவப்பு அங்கியோடு முறைத்தார்கள். நான்காவது தலைமுறையான மான்செல் படிப்பறையில் கணப்புக்குப் பக்கத்தில் இருந்தார். மேசையில் தேநீர்ப் பாத்திரம், பால் ஜாடி, திராட்சை போட்ட ரொட்டி, சிறு தட்டில் எலுமிச்சைத் துண்டுகள்.

"பாவம் இட்ரிஸ்," என்றார் அவர். "பிடிச்சுட்டீங்களாமே. டீ குடிங்க. நெஸ்டா, நீங்க ராஜினாமா பண்ணக்கூடாது. நாளைக்குப் பட்டியலை அனுப்பிடலாம். அந்தப் பொண்ணு இனிமே பட்டியல்ல இருக்கப்போறதில்லை."

நெஸ்டாவுக்கு அந்த வார்த்தை உறுத்தியது. ஆனாலும் அவர் கிரிஃபித்தை நம்பினார். இந்த நாற்காலிக்கு அவருடைய மகன் பியர்ஸும் போட்டியிடுகிறான். அதை அவரே எழுதிக்கொடுத்து, மகனைப் பரிசோதிக்கும் நாளில் விலகி நின்றார். எல்லாரும் மெச்சினார்கள். அன்று நெஸ்டாவும் கைகுலுக்கிப் பாராட்டினார்.

மாலி கோப்பைகளில் தேநீர் ஊற்றப் பாத்திரத்தைத் தூக்கினாள். தூக்கியவள் ஊற்றவில்லை.

"சார்."

"என்ன?"

"நான் துக்கம் விசாரிக்க வந்திருக்கேன்னு சொல்லுங்க. விதவை இங்க இருக்கா."

பாத்திரம் இருந்த இடத்தில் மேசைத்துணியின்மேல் ஒரு வட்ட மரக்கட்டை இருந்தது. வால்நட் மரம். விளிம்பில் பித்தளைப் பட்டை. நடுவில், எப்போதோ தட்டிப் பார்த்த பிறை வடிவப் பள்ளம். அதன்மேல் வருடக்கணக்கில் தேநீர் வைத்த வட்டக் கறை.

கணப்பில் ஒரு கரித்துண்டு வெடித்தது.

"பாஸ்டன் போயிருந்தப்ப அங்கத்து நீதிபதிங்க குடுத்த பரிசு," என்றார் மான்செல், சாதாரணமாக. "சுத்தியல் ரொம்ப நாளா காணோம். யாரோ திருடியிருக்கணும்."

"யாரோ இல்ல சார்," என்றார் எமிர். "குழுவோட பையை வாசல்ல யாரும் திறக்கறதில்லை. டீ குடிக்க எல்லாரும் வெளியில போனப்ப, டெவி எடுத்து அடிக்கட்டும்னு அதை நீங்க மேசையில வெச்சீங்க. பார்க்கறவங்க என்ன சொல்வாங்க? நடிகன் அமெரிக்க டிவி பார்த்துக் கெட்டுப்போய்க் கொண்டுவந்தான்னு சொல்வாங்க. நம்ம நீதிபதிங்ககிட்ட சுத்தியல் கிடையாதுங்கறது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த நம்பிக்கைக்குப் பின்னாலதான் நீங்க ஒளிஞ்சுக்கிட்டீங்க."

"இட்ரிஸுக்குத்தான் வரிசை தெரியும்."

"அவர்கிட்ட நீங்க கேட்டிருக்கீங்க. நீதிபதி வந்தா எழுந்து நிக்கறதே பழக்கமான மனுஷன். நீதிபதி கேட்டா சொல்லமாட்டாரா? அவர் வாயிலேர்ந்து உங்க பேர் இன்னும் வரலை. வெட்கம். டெவி வழக்குல தீர்ப்புச் சொன்னதும் நீங்கதான், வரும்போது கார்லேர்ந்து நீதிமன்றத்துல கேட்டோம். ஹோதன் வாதம்தான் உன் பிள்ளைங்களைப் பிரிச்சது, ஆறாவதா வர்றது அவதான்னு அவன் காதுல ஓதினதும் நீங்கதான்னு நெனக்கறேன்."

"நினைக்கறது சாட்சியம் ஆகாது."

"சரி, பார்த்ததைச் சொல்றேன். அஞ்சு தடவை டெவி நாடாவுக்கு முன்னாலயே நின்னார். யாரும் கோப்பையை மேசையிலேர்ந்து எடுக்க வேண்டிய அவசியமே இல்ல. ஆறாவது தடவை மேசை கவிழ்ந்தது. தலைவியம்மா பாவாடையில டீ. இட்ரிஸ் சட்டையில டீ. உங்க கால்சட்டையில ஒரு சொட்டு இல்ல. எலுமிச்சை போட்ட கோப்பை ஒண்ணு மட்டும் பத்திரமா ஜன்னல்ல இருந்தது. மேசை கவிழப்போவுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் சார்?"

நெஸ்டா அந்தத் தட்டிலிருந்த எலுமிச்சைத் துண்டுகளைப் பார்த்தார். பிறகு மான்செலைப் பார்த்தார்.

"கிரிஃபித், மகனைத் தூக்கிவிடக் கூடாதுன்னு விலகி நின்னீங்க. மத்தவங்களைக் கீழ தள்றதுக்காகத்தான் குழுவிலேயே இருந்தீங்களா?"

"மிரட்டத்தான் சொன்னேன்! அவ பதறணும், தோத்துப்போகணும், அவ்வளவுதான்."

"மிரட்டறதுக்கு ஒரு ராத்தல் வால்நட் எதுக்கு சார்?" என்றாள் மாலி.

மான்செலின் முகம் மாறியது. "நாலு தலைமுறை! அந்த நாற்காலியில எங்க தாத்தா உக்காந்திருக்கார். துறைமுகத்துல மூட்டை தூக்கினவன் பொண்ணு அதுல உக்காந்தா எங்க பேரை எங்க கொண்டு வெக்கறது? உங்களுக்கும் குடும்பப் பேர்னா தெரியுமே நெஸ்டா!"

"தெரியும். அது அடுத்தவங்க கழுத்துல இல்ல."

அந்த வார்த்தை முடியவில்லை. மான்செல் கணப்பின் இரும்புக் கம்பியை உருவினார். எமிரின் நெற்றியில் அது இறங்கிய சத்தம் மட்டும் கேட்டது. எமிர் நாற்காலியோடு பின்னால் சரிந்தார். இமையிலிருந்து ரத்தம் கொப்பளித்துக் கண்ணை மூடியது. மாலி மேசையைத் தாண்டிப் பாய்ந்தாள். திருப்பி வீசிய கம்பி அவள் முன்கையில் பட்டது. எலும்பு முறிந்தது. அவள் கெட்டவார்த்தை ஒன்றைச் சொல்லிக்கொண்டே மண்டியிட்டாள். கம்பி மூன்றாவது தடவை எமிரின் தலைக்கு மேலே உயர்ந்தது.

நெஸ்டா புரோதெரோ எந்த மணிக்கும் காத்திருக்கவில்லை.

குனிந்தார். கணப்புக்கு முன்னால் விரித்திருந்த விரிப்பின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்தார். எரிகிற வீட்டில் திரைச்சீலையை இழுக்கிற இழுப்பு அது. மான்செலின் கால் இரண்டும் தரையை விட்டன. அவர் முகம் குப்புறக் கணப்பின் பித்தளை விளிம்பில் விழுந்தார். தாடை உடைந்து, பற்கள் சாம்பலில் சிதறின. கம்பி நெருப்புக்குள் போய் விழுந்தது. அவர் எழ முயன்றபோது நெஸ்டா அவர் முதுகில் முழங்காலை ஊன்றினார். கையை முறுக்கிப் பிடித்தார். கோட்டின் கைப்பகுதியில் தீ பிடித்திருந்தது. அதை வெறுங்கையால் அடித்து அணைத்தார்.

"மேடம்," என்றாள் மாலி, ஒடிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, "எங்க ஸ்டேஷன்ல ஒரு வேலை காலியா இருக்கு. நேர்முகத் தேர்வு தேவையில்லை."

"தேவை," என்றார் நெஸ்டா. "எல்லாருக்கும் தேவை."

எமிர் ஒரு கண்ணால் தேடி விலங்கை எடுத்து நீட்டினார்.

பொழுது சாய்வதற்குள் இட்ரிஸ் பெடோ ஸ்டேஷனில் வாயைத் திறந்தார். ஆறாவது யார் என்று நீதியரசர் நடைபாதையில் சர்வசாதாரணமாகக் கேட்டதாகவும், தான் சொன்னதாகவும் ஒப்புக்கொண்டார். சொல்லும்போதும் எழுந்து நின்றார்.

நெஸ்டா ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டிலருகே இருந்த காவல் எடுக்கப்பட்டிருந்தது. ஹோதன் கழுத்தில் கட்டோடு சாய்ந்திருந்தாள். நெஸ்டாவின் உள்ளங்கைகளிலும் கட்டு.

"காலையில நீ ஒண்ணு கேட்டே," என்றார் நெஸ்டா. "நிறுத்தியிருக்க வேண்டியவ நான். நீ இல்ல."

ஹோதன் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்போ என் மார்க்கு, மேடம்?"

"ஒண்ணும் இல்ல. இன்னைக்கு யாருக்கும் மார்க்கு இல்ல. மறுபடி உக்காரணும்."

"உக்காருவேன்," என்றாள் ஹோதன்.

கார்டிஃபில் இன்றும் ஒரு பேச்சு உண்டு. கண்ணெதிரே கழுத்து நெரிபட்டவளைப் பார்த்துக்கொண்டிருந்த குற்ற உணர்ச்சியால் நெஸ்டா புரோதெரோ அந்த நாற்காலியை ஹோதன் துவாலேக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார் என்று சொல்வார்கள். அது பொய். நெஸ்டா அன்றைக்கே பதவி விலகினார். எல்லாருடைய மதிப்பெண்ணும் ரத்தாகி, வசந்த காலத்தில் புதுத் தலைவர், புதுக் குழு, புது நடிகர் முன்னால் அத்தனை பேரும் மறுபடி உட்கார்ந்தார்கள். பியர்ஸ் மான்செலும் உட்கார்ந்தான், மூன்றாவதாக வந்தான். ஹோதன் முதலாவதாக வந்தாள். நெஸ்டா புரோதெரோ அன்று அந்தக் கட்டடத்தின் வாசலைக்கூட மிதிக்கவில்லை.